நான்கு பாடம் எடுத்துப் படித்த அக்கா இரண்டுக்கு இறங்கியது ஏன்: பினாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர், அதாவது ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளர். வயது நாற்பதைத் தொடப்போகிறது. எஸ்பிஎம் என்கிற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவர், அதுவும் சுமாரான எஸ்பிஎம். கணவர் பிறையில் லாரி ஓட்டுகிறார், பிள்ளைகள் இரண்டு பேர், இவர் படிப்பில் சேர்ந்தபோது பெரியவள் படிவம் 4. அவர் பெயர், தொழிற்சாலையின் பெயர், படிக்கிற பல்கலைக்கழகத்தின் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. அவரும் வேண்டாம் என்றார், எனக்கும் அதே இடத்தில் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது (பகுதி நேர டியூட்டர், மணிக்கணக்கில் சம்பளம், என்னைப் பற்றி இவ்வளவு போதும்). வகுப்பில் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவதால் இங்கேயும் அக்கா.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாமல் படிக்கிற வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். முதல் செமஸ்டரில் நான்கு பாடம். ஒன்றில் தேறினார், இரண்டில் தவறினார், நான்காவதற்குத் தேர்வே எழுதவில்லை. அன்றைக்கு இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணி வாக்கில் வீட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் கண் மூடலாம் என்று சோபாவில் சாய்ந்தவர் விழித்தபோது தேர்வு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தரப்புள்ளிச் சராசரி 2.00-க்குக் கீழே போனதால் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த செமஸ்டரை ஒத்திவைத்தார். இந்த இடத்தோடு பலர் காணாமல் போய்விடுவார்கள், வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பெயர் இருக்கும். அக்கா திரும்பி வந்தார்.

ஏன் விழுந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாமியார் வயதைச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதவில்லை என்றார்கள். லைனில் கூட வேலை செய்பவர்கள், இதெல்லாம் நமக்கு எதுக்கு என்றார்கள். ஆங்கிலம் ஒரு சிக்கல்தான், தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போய் அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனவருக்கு ஆங்கிலப் பாடநூல் மலையாகத்தான் தெரியும். ஆனால் அவர் தேறிய அந்த ஒரு பாடமும் ஆங்கிலத்தில் இருந்ததுதான். அதனால் அந்த விளக்கத்தோடு நான் நிற்கவில்லை. சேர்ந்த நாளிலேயே நேரக் கணக்கு தப்பு, அதை யாரும் அவருக்குப் போட்டுக் காட்டவில்லை என்பதுதான் என் முடிவு.

உள்ளே வந்த வழி

எஸ்பிஎம் மட்டும் வைத்திருப்பவர் எப்படி டிக்ரியில் சேர்ந்தார் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏபெல் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதை மதிப்பிட்டு அதையே நுழைவுத் தகுதியாக ஏற்றுக்கொள்வது, எம்கியூஏ என்கிற தேசியத் தகுதி முகமையின் கீழ் நடக்கிறது. இளங்கலைக்கு 21 வயது கடந்திருக்க வேண்டும், சேரப்போகும் துறைக்குப் பொருத்தமான அனுபவம் வேண்டும். ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும், அப்புறம் இதுவரை செய்ததற்கெல்லாம் சான்று சேர்த்த ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். இதுதான் ஏபெல் ஏ.

அக்காவின் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். கனமான நீல ஃபைல். தொழிற்சாலைக்குள் நடந்த பயிற்சிகளின் சான்றிதழ்கள், லைன் லீடராகப் பதவி உயர்வு தந்த கடிதம், ஒரு சிறந்த ஊழியர் விருது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலின் கணக்கு வழக்கைப் பல வருடம் பார்த்துக்கொண்டதற்குக் குழுத் தலைவர் எழுதிய கடிதம் எல்லாம் அதில் இருந்தன. பந்தல் கடிதத்தை வைக்கலாமா என்று தயங்கியிருக்கிறார். வைத்தது சரி. ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) வரவு செலவை ரசீதோடு ஒப்படைத்தவருக்கு அடிப்படைக் கணக்கியல் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

ஆக, கதவு அகலமாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல வேண்டியது கதவைத் தாண்டிய பிறகு.

மணிக்கணக்கு

பதிவு செய்கிற இடத்தில் இருந்தவர், நாலு வருஷத்துல முடிச்சிடலாம்க்கா என்று சொல்லி நான்கு பாடங்களை டிக் அடித்துக் கொடுத்திருக்கிறார். அவருக்கு அது விற்பனை, அவரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் இந்த நாட்டில் கிரெடிட் என்பது ஏதோ புள்ளி இல்லை, மணி நேரம். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் என்று தகுதிக் கட்டமைப்பிலேயே எழுதியிருக்கிறது. வகுப்பு, வாசிப்பு, அசைன்மெண்ட், தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம். இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட். பெருக்கினால் 4,800 மணி நேரம்.

இதை அக்காவின் செமஸ்டரில் பொருத்திப் பாருங்கள். ஒரு பாடம் 3 கிரெடிட், அதாவது 120 மணி. செமஸ்டர் 15 வாரம் என்றால் பாடத்துக்கு வாரம் 8 மணி. நான்கு பாடத்துக்கு வாரம் 32 மணி. ஏற்கெனவே செய்கிற வேலைக்கு மேலே இன்னொரு முக்கால் வேலை. அவர் ஷிப்டோ காலை ஏழிலிருந்து இரவு ஏழு, அல்லது இரவு ஏழிலிருந்து காலை ஏழு. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. இடைவேளை ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வாரத்துக்குச் சராசரியாக 49 மணி நேரம் வருகிறது. பாயான் லெப்பாஸ் போக வர ஆகும் நேரம் தனி, சோறு ஆக்குவது தனி.

நாலும் இரண்டும் ஆறு, வாரத்துக்கு நாள் ஏழு. அதனால் ஓய்வு நாள் ஒவ்வொரு வாரமும் நகர்ந்துகொண்டே போகும். சனிக்கிழமை வகுப்பு அவர் ஓய்வு நாளில் விழுவது மூன்று சனிக்கு ஒரு சனி. செமஸ்டருக்கு ஐந்து சனிக்கிழமை நேர்வகுப்பு என்றால் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் வர முடியும், மற்றவற்றுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேட வேண்டும், இல்லாவிட்டால் இரவு ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்க வேண்டும். தூங்கியிருக்கிறார். நான் எழுப்பவில்லை.

நெகிழ்வான கல்வி, உங்கள் நேரத்துக்குப் படிக்கலாம் என்று எழுதிய பதாகை அதே கட்டடத்தின் வாசலில் தொங்குகிறது. ஒளிப்பதிவு செய்த வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அசைன்மெண்ட் கெடுவும் தேர்வும் நகராது. நகர வேண்டியதெல்லாம் அக்காவின் ஷிப்ட், அக்காவின் தூக்கம், அக்காவின் சமையல்.

இந்த ஆய்வில் எனக்கே ஆச்சரியம் தந்தது வேறொன்று. தொழிற்சாலை தன் ஷிப்ட் அட்டவணையை மூன்று மாதத்துக்கு முன்பே ஒட்டிவிடுகிறது. பல்கலைக்கழகமோ வகுப்புத் தேதிகளைச் செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது இணையத்தில் ஏற்றியது, தேர்வு அட்டவணையை அதைவிட நெருக்கத்தில். ஒரு தேதி பிறகு மாறவும் செய்தது. கறாரான முதலாளி என்று நாம் நினைக்கிற இடம் முன்கூட்டியே சொல்கிறது, நெகிழ்வு என்று விளம்பரம் செய்கிற இடம் கடைசி நேரத்தில் சொல்கிறது. வேலை செய்துகொண்டு படிப்பவருக்கு உதவுவது முன்கூட்டித் தெரிகிற தேதிதான். தேதி தெரிந்தால் மற்றதை அவர்களே வளைத்துக்கொள்வார்கள், அதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள்.

இது பினாங்குக்குத் தெரியாத பாடமும் இல்லை. இந்த நாட்டில் தொலைநிலைப் பட்டக்கல்வி தொடங்கியதே இங்கேதான், 1971-ல் யூஎஸ்எம் என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அதே ஆண்டு. அப்போது இணையம் ஏது? அச்சடித்த பாடங்கள் வீட்டுக்கு வரும், வருடத்துக்கு ஒரு முறை சில வாரம் மிண்டன் வளாகத்தில் தங்கித் தீவிரமாகப் படிக்க வேண்டும். கேட்டால் கடுமையாகத் தெரியும். ஆனால் அந்தத் தேதிகளை வைத்து லீவு போட முடியும், பிள்ளையை அம்மா வீட்டில் விட முடியும். பிறகு 2000-ல் பதினொரு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கோலாலம்பூரைத் தளமாகக் கொண்டு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நிறுவின. அப்புறம் ஜோர்ஜ்டவுனில் கடலைப் பார்த்த பழைய மாளிகையில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் துணைவேந்தர் நம்மவர், கஜராஜ் தனராஜன். அதற்கு முன் கனடாவின் வான்கூவரில் காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவராக இருந்தவர். அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிற ஊர். ஒரு வகுப்பு அட்டவணையை மூன்று மாதம் முன்னால் போடுவது அவ்வளவு பெரிய தொழில்நுட்பமா என்ன?

திரும்பி வந்தபோது மாறியவை

ஒத்திவைத்த செமஸ்டரில் அக்கா செய்த முதல் காரியம் ஒரு கடிதம். வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, வாரத்துக்கு 48 மணி என்று இருந்த உச்சவரம்பை 45 ஆக்கிய அதே திருத்தம்தான். அதில் 60P, 60Q என்று இரண்டு பிரிவுகள். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அக்கா நிரந்தரப் பகல் ஷிப்ட் கேட்டார், கிடைக்கவில்லை. லைனுக்கு இரவிலும் லீடர் வேண்டும் என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஆனால் தேர்வு நாளிலும் வகுப்பு நாளிலும் இன்னொரு லீடரோடு மாற்றிக்கொள்ளலாம், முப்பது நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் சூப்பர்வைசர் மாறியதும் காற்றோடு போயிருக்கும்.

அந்த முப்பது நாளுக்காகவே பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அவர் நேரில் போய், எனக்குத் தேதி இப்பவே வேணும், தோராயமா இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டு உட்கார்ந்தார். கிடைத்தது. உள்ளே ஒரு வரைவு அட்டவணை ஏற்கெனவே இருந்திருக்கிறது, வெளியே போடவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

இரண்டாவது, பாடங்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்தார். வாரம் 16 மணி நேரம். ஓய்வு நாள் ஒன்றில் ஆறு மணி, மற்ற நாட்களில் தொழிற்சாலை பேருந்தில் போக வர, சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி, பிள்ளைகள் படிக்க உட்காரும்போது கூடவே ஒரு மணி. மகளும் அம்மாவும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் கைப்பேசியைத் தொடுவதில்லை என்பது உபரி லாபம்.

மூன்றாவது, ஏபெல் சி. நுழைவுக்கான ஏபெல் ஏ பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு பாடத்தில் கற்க வேண்டியதை வேலையிலேயே கற்றிருந்தால் அதற்கெனத் தேர்வு எழுதியோ கோப்பு கொடுத்தோ அந்தப் பாடத்தின் கிரெடிட்டை வாங்கிக்கொள்ளலாம். பட்டத்துக்கு வேண்டிய மொத்த கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை அனுமதி. 120-ல் 36, அதாவது 1,440 மணி நேரம் மிச்சம்! வருடத்துக்கு மூன்று செமஸ்டர், செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்று போனால் வருடம் 18 கிரெடிட். 120-ஐயும் படித்துத் தீர்க்க ஆறு வருடம் எட்டு மாதம். 36 கழிந்தால் நான்கு வருடம் எட்டு மாதம். பதிவு செய்கிற இடத்தில் இருந்தவர் சொன்ன நாலு வருடம் ஏறக்குறைய இப்படித்தான் சாத்தியம், அவர் சொன்ன வழியில் இல்லை.

ஏபெல் சி யோசனை வந்தது செயல்பாட்டு மேலாண்மை வகுப்பில். ஒரு பொருளை எத்தனை வினாடிக்கு ஒன்று முடித்தால் வாடிக்கையாளர் கேட்கும் அளவு சரியாக வரும் என்று கணக்கிடும் பகுதி. பலகையில் சூத்திரம் எழுதிவிட்டு, யாராவது சொந்த வேலையிலிருந்து ஒரு எண் தாருங்கள் என்றேன். அக்கா எழுந்து, ஷிப்டுக்கு 900 பீஸ் என்றார். பன்னிரண்டு மணியில் ஒன்றரை போனால் பத்தரை, அதாவது 630 நிமிடம், அதாவது 37,800 வினாடி, 900-ஆல் வகுக்க வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: நாப்பத்திரண்டு செகண்டு சார், ஆனா டெஸ்டிங் ஸ்டேஷன்ல நாப்பத்தஞ்சு ஆகும், அங்கதான் தேங்கும், அதனால அங்க மட்டும் பிரேக்குக்கு மாத்தி மாத்தி ஆள விட்டு மெஷினை நிறுத்தாம ஓட்டுவோம். பாடநூலில் இரண்டு அத்தியாயம் தள்ளி வருகிற விஷயம் அது. இடைவேளையிலும் இயந்திரம் ஓடினால் 43,200 வினாடி, 45-ஆல் வகுத்தால் 960. கணக்கு உதைக்கவே இல்லை. இதே ஆள்தான் முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்தில் தவறியவர்.

ஐந்து பாடங்களுக்கு ஏபெல் சி முயன்றார், நான்கு கிடைத்தது. 12 கிரெடிட். முழு 36-ம் வராது, ஏனென்றால் அவர் அனுபவம் உற்பத்தி, ஆள் நிர்வாகம் பக்கம். சந்தைப்படுத்தலும் நிதியும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நான்காவது, கூட்டு. கெப்பாலா பாத்தாஸிலிருந்து வருகிற ஒரு மலாய் நர்ஸ், ஐம்பதைத் தாண்டிய ஒரு சீனக் காப்புறுதி முகவர், அக்கா, புக்கிட் மெர்தாஜாமில் கடை வைத்திருக்கிற ஒரு தம்பி. நால்வருக்கும் மொழி வேறு, ஷிப்ட் வேறு, வகுப்புக்கு யாராவது ஒருவர் வந்தே தீருவது என்று ஏற்பாடு. வந்தவர் அன்றிரவே குரல் பதிவு அனுப்ப வேண்டும். நர்ஸ் மலாயில் அனுப்புவார், முகவர் ஆங்கிலத்தில் எழுதுவார், தம்பி அதையே அக்காவுக்குத் தமிழில் சொல்லிவிடுவான். ஆங்கிலச் சிக்கலைப் பல்கலைக்கழகத்தின் மொழி உதவி வகுப்பைவிட இது அதிகம் தீர்த்தது. அந்த உதவி வகுப்பு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் யார் வருவார்கள்?

பணத்தைப் பற்றியும் கொஞ்சம். கட்டணத்தின் ஒரு பகுதிக்கு இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தார். 2024 மே முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்துவிட்டது, கல்விக்கு எடுப்பது அதில் செஜாதெரா என்கிற கணக்கிலிருந்து. வருமான வரியில் சொந்தப் படிப்புக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு என்று யாரோ சொல்லி அவர் சந்தோஷப்பட்டிருந்தார், அதை நான்தான் கெடுக்க வேண்டியதாயிற்று. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எந்தத் துறையானாலும் கழிவு உண்டு. அதற்குக் கீழே என்றால் சட்டம், கணக்கியல், இஸ்லாமிய நிதி, தொழில்நுட்பம், தொழிற்கல்வி, அறிவியல் மாதிரியான துறைகளுக்குத்தான். வணிக நிர்வாக இளங்கலை அந்தப் பட்டியலில் இல்லை. மேனேஜர் எம்பிஏ படித்தால் கழிவு, லைன் லீடர் முதல் பட்டம் படித்தால் கிடையாது. இதற்கு என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரே ஒருவரை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதால் ஒரு மாற்று. அதே ஆண்டு சேர்ந்த ஒரு கிராப் (செயலி வழி வாடகைக் கார்) ஓட்டுநர், அக்காவைவிடப் பத்து வயது இளையவர், நல்ல ஆங்கிலம், நேரமெல்லாம் அவர் கையில். மூன்றாம் செமஸ்டரில் விட்டுவிட்டார். ஓட்டாத ஒவ்வொரு மணிக்கும் வருமானம் போகிறது, அதனால் படிக்க உட்கார்ந்தால் மீட்டர் ஓடுகிற மாதிரியே இருக்கிறது என்றார். அவருக்கு லீவு கேட்க முதலாளி இல்லை, எழுதிக் கேட்கச் சட்டப் பிரிவும் இல்லை. நேரம் முழுக்க நெகிழ்வாக இருந்ததே அவருக்கு வினையானது. அக்காவுக்குக் குறைந்தபட்சம் எந்த நாள் ஓய்வு என்று மூன்று மாதத்துக்கு முன்பே தெரியும்.

இப்போது அக்காவின் சராசரி 2.7-ஐ ஒட்டி நிற்கிறது, எச்சரிக்கை நீங்கிவிட்டது, தவறிய இரண்டையும் எழுதாமல் விட்டதையும் முடித்துவிட்டார். இன்னும் 72 கிரெடிட் பாக்கி, இரண்டு இரண்டாக எடுத்தால் நான்கு வருடம். மகள் எஸ்பிஎம் முடித்துப் படிவம் 6 போகிறாள். இனி வேகப்படுத்த வேண்டும், அடுத்த செமஸ்டரில் மூன்று எடுக்கிறேன் என்று அக்கா சொல்கிறார். வாரம் 24 மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். வந்தா வரும் சார் என்கிறார். ஒன்று அவருக்கு நன்றாகத் தெரிந்த மனிதவளப் பாடம், அதனால் எட்டு மணி ஆகாது என்பது அவர் வாதம். அப்படியென்றால் அதற்கும் ஏபெல் சி போடுங்கள் என்பது என்னுடையது. பதிவு இந்த மாதக் கடைசியில் முடிகிறது, வகுப்புத் தேதிகள் இன்னும் வரவில்லை.